விபத்தில்லாத நாட்கள்

கொழுந்தன் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல நாளுக்கென்று வைத்திருந்த சட்டையின் முழங்கையெல்லாம் தூசி. அஞ்சலி மண்டபத்தின் பெரிய வெள்ளைத் திரையில் நீலம் மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. திரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள், அவன் அண்ணன் கிடந்தார். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அண்ணி, இப்ப வருதா பாருங்க."

"வரல."

"இப்ப?"

"வந்துடுச்சு. பார்த்து வா, தலையில இடிச்சுக்காத."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் இடித்துக்கொண்டான். தலையைத் தேய்த்தபடி எழுந்து திரையைப் பார்த்தான். அண்ணன் ஒற்றைக் காலில் நின்று ஷூவுக்குக் கயிறு கட்டும் படம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது பல் வலியில் கன்னம் வீங்கியிருந்த படம். அடுத்தது யாரோ ஒருவர் வீட்டுப் பூனையோடு. கொழுந்தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

"ஒரு தொல்லை இருக்கு அண்ணி. அஞ்சு நிமிஷம் யாரும் தொடலேன்னா இது தானா பூட்டிக்குது. படம் ஓடிட்டிருந்தாக்கூட விடாது. கம்பெனிக்காரன் அப்படி வெச்சிருக்கான். நான் பக்கத்துலயே உட்கார்ந்து அப்பப்ப தட்டிட்டிருக்கேன்."

"நீ போயி வர்றவங்களக் கவனி. நான் தட்டிக்கறேன்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்குமா? இன்னிக்குப் போயி..."

"எனக்கா அஞ்சு நிமிஷம் தெரியாது?"

அவன் நகர்ந்து இடம் விட்டான். கண் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொட்டு மருந்து விடுகிறவள் அவள். ஒரு சொட்டு விட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம். மறுபடி ஒரு சொட்டு, மறுபடி ஐந்து நிமிஷம். கடிகாரம் பார்க்கிற பழக்கம் எப்போதோ விட்டுப்போயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே, நடந்துகொண்டிருக்கும்போதே, உடம்புக்குள் ஏதோ ஒன்று ஐந்து நிமிஷத்தை எண்ணி முடித்துவிடும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அது அவள் கணவரின் சொந்த லேப்டாப் இல்லை, கம்பெனி கொடுத்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி. இருபத்திரண்டு வருஷம் அங்கேயே லிஃப்ட்டுக்காரராக இருந்தார். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்தத் தேதியில் என்ன சத்தம் போட்டது என்று அதில்தான் எழுதி வைப்பார். போனில் எடுக்கும் படங்களையும் அதிலேயே கொண்டுபோய்க் கொட்டுவார். போன் என்றைக்காவது லிஃப்ட் குழியில் விழுந்து உடையும், லேப்டாப் உடையாது என்பது அவர் எண்ணம். அவர் சொன்னபடியே ஆயிற்று.

அதைத் திறந்தாலும், அது பூட்டிக்கொண்டாலும், பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்னாலேயே திரையில் முதலாளி வந்துவிடுவார். தலையில் மஞ்சள் ஹெல்மெட், முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு சிரிப்பு. வாழ்நாளில் ஒரு லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்க்காத மனுஷனுக்கு ஹெல்மெட் எதற்கு என்று லிஃப்ட்டுக்காரர் கேட்பார். முகத்துக்குப் பக்கத்தில் 'உங்கள் உயிர் எங்கள் உயிர்' என்று ஒரு வாசகம். அதற்குக் கீழே 'விபத்தில்லாத நாட்கள்' என்று போட்டு, கண்ணைக் குத்துகிற அளவில் ஓர் எண். தினமும் காலை எட்டு மணிக்கு அந்த எண் ஒன்று கூடும். கம்பெனியில் நூற்றுப் பத்துப் பேருக்கும் விடிவது அந்த முகத்தில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் போர்மேனுக்கு ஒரு விரல் போயிற்று. கதவுச் சங்கிலி இழுத்துக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு 'ஒன்பது' என்றே பெயர்; அவரே போன் எடுத்தால் "ஒம்பது பேசறேன்" என்பார். கம்பெனி அந்த விரல் வீட்டில் போனதாக எழுதிக்கொண்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு எண் நானூற்று எழுபத்தொன்பதிலிருந்து நானூற்று எண்பது ஆயிற்று. லிஃப்ட்டுக்காரர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கட்டுப் போட்ட கையைப் படம் எடுத்தார். தன் லாகின் திரையில் முதலாளியை எடுத்துவிட்டு அந்தக் கையை வைத்தார். ஒரு வாரம் ஒருவரும் கவனிக்கவில்லை. அப்புறம் ஒரு மீட்டிங்கில் அவர் லேப்டாப்பைப் பெரிய திரையில் மாட்டச் சொல்ல, முதலாளிக்கு எதிரே கை வந்து நின்றது. மறுநாள் முதலாளி கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டு, இனி ஒருத்தராலும் அந்தத் திரையில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாதபடி பூட்டச் சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. படம் மாற்றுகிற இடத்துக்குப் போனால் எல்லாம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். மேலே ஒரு வரி நிற்கும்: 'இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது.' அவர் விடவில்லை. மாதம் ஒரு தடவையாவது யாரோ சொன்ன வழி, எங்கோ பார்த்த வழி என்று உட்கார்ந்துவிடுவார். கோப்பின் பெயரை மாற்றினார், தேதியை மாற்றினார், ஒரு தடவை முழுவதையும் அழித்துவிட்டு இரண்டு நாள் வேலை இல்லாமல் முழித்தார். எது செய்தாலும் அணைத்துப் போட்டால் மறுபடியும் அதே முகம், அதே பல். "எட்டு மாடி லிஃப்ட்ட தனியாப் பிரிச்சு மாட்டறேன், ஒரு படத்த மாத்த வக்கில்ல எனக்கு" என்பார். "சாப்பாடு போடட்டுமா, வேண்டாமா?" என்று அவள் கேட்டால், "அதையும் நிறுவனம்தான் நிர்வகிக்குது" என்பார். கடைசியில் முகத்தின் மேலும் எண்ணின் மேலும் காகித நாடாவை ஒட்டினார். உள்ளே போனதும் அதே நாடா வேலை அட்டவணையை மறைத்தது. பிய்த்து எறிந்தார்.

அவளுக்கு அப்போதெல்லாம் சிரிப்புத்தான் வரும். "ஒரு படத்துக்குப் போயி இப்படி உயிர விடுறீங்களே" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறாள். அந்த வார்த்தை இந்த நாலு நாளாக அவளைப் படுக்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முகச் சவரம் செய்துகொண்டே லேப்டாப்பைத் திறந்து, "ஆயிரத்து இருநூத்திப் பதினாலு. எல்லாரும் கை தட்டுங்க" என்றார். அவள் தட்டவில்லை, அடுப்பில் பால் இருந்தது. ஒன்பது மணிக்குப் போர்மேன் போன் செய்தார். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே மாசமாக இருக்கிற ஒரு பெண். லீவு நாளென்றும் பார்க்காமல், ஒரு கன்னத்தில் சோப்போடு கிளம்பிப் போனார். அந்தப் பெண்ணைப் பத்திரமாக வெளியே எடுத்தார். எதனால் நின்றது என்று பார்க்கக் குழிக்குள் இறங்கினார். மேலே யாரோ மின்சாரத்தைப் போட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை, அஞ்சலிக்குப் படம் தேடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தாள். முதலாளி சிரித்தார். எண் ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் செத்த நாளையும் விபத்தில்லாத நாள் என்று சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குத் திறந்து பார்த்தாள். பதினாறு. புதன்கிழமை பதினேழு. துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் அழாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அதிர்ச்சி, பாவம் என்று பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அதிர்ச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த முகத்தில் கரியைப் பூசாமல் அவரை அனுப்புவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர்காரர் வந்தார். கதவுக்கு வெளியே நின்றே ஒரு காகிதத்தை நீட்டினார். 'என் கணவர் சம்பவத்தன்று விடுப்பில் இருந்தார். எவரும் அழைக்காமல், தன் சொந்த விருப்பத்தின் பேரில் அந்தக் கட்டடத்துக்குச் சென்றார்' என்று அச்சடித்து, கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து வேணுமாம் அக்கா. அப்புறம் அந்த லேப்டாப். சார் இன்னிக்கே வாங்கிட்டு வரச் சொன்னார்."

"சொந்த விருப்பமா? போர்மேன் கூப்பிட்டாரு, போனாரு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"நான் கொண்டுவந்து குடுக்கறவன் மட்டும்தான் அக்கா."

"ரெண்டு வருஷமா உங்ககிட்டக் கெஞ்சினாரே, ஒரு படத்த மாத்த விடுங்கன்னு. அப்பவும் இதத்தான் சொன்னீங்க."

அவர் தரையைப் பார்த்தார். "என் கையில இல்லக்கா. ஆபீஸ்ல ஒரு ரூம் இருக்கு. அங்க போயி, சாரோட பாஸ்வேர்டும் என்னோடதும் சேர்த்துப் போட்டாத்தான் மாறும். வெளியிலேர்ந்து நான் தலைகீழா நின்னாலும் முடியாது. அப்படித்தான் பண்ணச் சொன்னார்."

"சார் நாளைக்கு வருவாரா?"

"வருவார். பேசறதுக்கே வர்றார்."

"அப்ப சரி. படமெல்லாம் இதுலதான் இருக்கு, மண்டபத்துல போடணும். முடிஞ்சதும் அங்கேயே வாங்கிக்குங்க. காகிதத்தையும் அங்கேயே பார்க்கலாம்" என்றாள். கம்ப்யூட்டர்காரர் நிம்மதியாகப் போனார். என்ன செய்யப்போகிறோம் என்று அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் மண்டபத்து எண்பது நாற்காலிகளும் நிறைந்துவிட்டன. பாதிக்கு மேல் கம்பெனிச் சட்டை. போர்மேன் மூன்றாவது வரிசை ஓரத்தில், இடது கையை வலது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று அவரிடம் சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு அவளிடமிருந்த கோபம் மொத்தமும் ஒரே ஆளுக்குத்தான்.

அந்த ஆள் கறுப்புக் கோட்டில் வந்தார். அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எங்க குடும்பம்மா. எதுவானாலும் என்கிட்ட வாங்க."

"வரேன் சார்" என்றாள்.

கொழுந்தன் ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தான். முதலாளி பெட்டிக்குப் பக்கத்தில், திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். தலையைக் குனிந்து நிமிர்ந்தார். அவர் தொண்டையைக் கனைத்ததும் அவள் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே எண்ணிக்கை தொடங்கிற்று.

"அவர் எனக்கு ஊழியர் இல்ல. தம்பி மாதிரி" என்று ஆரம்பித்தார் முதலாளி. தம்பிக்கு எத்தனை வருஷ சர்வீஸ் என்பதைக் கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துச் சொன்னார். எல்லாரோடும் ஒரே தட்டில் சாப்பிட்டதைப் போலப் பேசினார். ஐந்து நிமிஷத்தில் பாதி போயிருந்தது. "ஆனா அவர்கிட்ட ஒரு குணம். வேலைன்னா யார் சொன்னாலும் கேட்க மாட்டார். லீவு நாள்ல வீட்ல இருங்கன்னு எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். அன்னிக்கும் யாரும் கூப்பிடாம, தானா கிளம்பிப் போயிருக்கார். அந்த ஆர்வம்தான் அவர நம்மகிட்டேர்ந்து பிரிச்சிடுச்சு."

பெட்டிக்கு முன்னால் நின்று, வாய் கூசாமல் சொன்னார். மூன்றாவது வரிசையில் போர்மேனின் தலை இன்னும் கீழே போயிற்று. எழுந்துபோய் அந்த ஒலிவாங்கியைப் பிடுங்கி மண்டையில் போட்டால் என்ன என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. மடியில் ஒரு கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

நாலு நிமிஷம் ஆகியிருக்கும். முதலாளி சீட்டை மடித்துப் பையில் வைத்தார். "அவர் ஆன்மா சாந்தியடைய..." என்று முடிக்கத் தொடங்கினார். லேப்டாப் பூட்டிக்கொள்ள இன்னும் ஒரு நிமிஷம் வேண்டும்.

"சார்."

மண்டபம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னும் ரெண்டு வார்த்தை பேசுங்க சார். பாதுகாப்பப் பத்தி நீங்க பேசினா அவர் வீட்டுக்கு வந்து அப்படியே பேசிக் காட்டுவார்."

அது பொய்யில்லை, பேசித்தான் காட்டுவார், ஹெல்மெட்டுக்குப் பதில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு. பின் வரிசையில் விஷயம் தெரிந்த யாரோ இருமினார்கள். முதலாளிக்கு முகம் மலர்ந்தது. பாதுகாப்பு என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

"கண்டிப்பாம்மா. அவர் என்கிட்ட எதிர்பார்த்ததும் அதுதான். பாதுகாப்புங்கறது ஒரு பழக்கம் இல்ல, அது ஒரு மூச்சு. இந்தத் தொழில்ல மூணு வருஷத்துக்கும் மேல ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லாம ஒரு கம்பெனி நடத்தறது..."

திரையில் பூனையோடு நின்றுகொண்டிருந்த லிஃப்ட்டுக்காரர் மறைந்தார். ஒரு கணம் இருட்டு. பிறகு பெட்டிக்கு மேலே, ஆள் உயரத்துக்கு, முதலாளி வந்து சிரித்தார். மஞ்சள் ஹெல்மெட். உங்கள் உயிர் எங்கள் உயிர். விபத்தில்லாத நாட்கள் 1,218.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, அது என்ன சத்தம் என்று தெரியாதபடி அடக்கிக்கொண்டார். கூட்டம் உருகிவிட்டது என்று நினைத்து முதலாளி இன்னும் இரண்டு வாக்கியம் பேசினார். பிறகுதான் எல்லாக் கண்ணும் தன் தலைக்கு மேலே இருப்பதைப் பார்த்தார். திரும்பினார்.

அந்த முதுகை அவள் ஆசை தீரப் பார்த்தாள். கம்ப்யூட்டர்காரரை விரலால் கூப்பிட்டார். அவர் ஓடி வந்தார். ஒலிவாங்கி கையில் இருப்பதை முதலாளி மறந்துபோனார்.

"மாத்துய்யா அத."

"மாத்த முடியாது சார்."

"ஏன் முடியாது? நீதான பார்க்கற?"

"யாராலயும் மாத்த முடியாதபடி பண்ணச் சொன்னீங்க சார்."

ஒலிபெருக்கி அதைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது. இந்தத் தடவை நாலைந்து பேர் அடக்கவில்லை. முதலாளி ஒலிவாங்கியைக் கீழே தாழ்த்திக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

"பாஸ்வேர்ட் போடுங்கம்மா."

"எதுக்கு சார்? உங்க படம்தான. உங்க எண்ணிக்கைதான."

"அப்ப மூடுங்க அத."

அவள் லேப்டாப்பின் மேல் முழங்கையை வைத்துக்கொண்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கையைப் பிடித்து இழுக்க அவரால் முடியவில்லை. மண்டபத்து மேலாளர் என்ன கோளாறோ என்று ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அணைச்சிடட்டுமாங்க?"

"நாங்க பன்னெண்டு மணி வரைக்கும் எடுத்திருக்கோம் இல்ல?"

"ஆமாங்க."

"அப்ப இருக்கட்டும்."

மேலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மண்டபத்தை எடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும். போய்விட்டார். அப்போது மூன்றாவது வரிசையில் போர்மேன் எழுந்தார். எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் இடது கையை உயர்த்தினார், வகுப்பில் அனுமதி கேட்பதுபோல. விரல் இல்லாத இடம் எல்லாருக்கும் தெரிந்தது.

"தானாப் போகல" என்றார். குரல் உடைந்து வந்தது. "ஒம்பது மணிக்கு நான் கூப்பிட்டேன். என்னக் கூப்பிட்டது ஆபீஸ். டூட்டின்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். தங்கச்சி, என்ன மன்னிச்சிடு. அந்த எண்ணிக்கை தப்பு. என் விரல்லேர்ந்தே தப்பு."

கம்பெனிச் சட்டைகளில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கோஷம் இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா நின்றார்கள். முதலாளி ஒலிவாங்கியை வாயருகே கொண்டுவந்தார்.

"இது அதுக்கான இடம் இல்ல. எல்லாத்தையும் முறைப்படி விசாரிப்போம். உட்காருங்க."

யாரும் உட்காரவில்லை. பெட்டியைத் தூக்க ஆறு பேர் முன்னால் வந்தார்கள், ஆறு பேரும் கம்பெனி ஆட்கள். முதலாளியும் ஒரு பக்கம் கை வைக்கப் போனார். எந்தப் பக்கத்திலும் இடம் கிடைக்கவில்லை. கூட்டம் பெட்டியோடு வெளியே போயிற்று. வண்டியில் ஏற்றிப் பூ அடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்று கொழுந்தன் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவள் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.

முதலாளியும் போகவில்லை. தன் முகத்தை அந்தச் சுவரில் அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை போலும். கம்ப்யூட்டர்காரர் கையெழுத்தில்லாத காகிதத்தோடு பின்னால் நின்றார்.

"நல்லா அவமானப்படுத்திட்டீங்க. போகட்டும், உங்க நிலைமை எனக்குப் புரியுது" என்றார் முதலாளி. "நாளைக்கே அந்த நம்பர மொத்தமா எடுத்துடச் சொல்றேன். போதுமா?"

"எடுக்க வேண்டாம் சார். சரியாப் போடச் சொல்லுங்க."

"சரியான்னா?"

"அவர் வேலையில செத்தார்னு எழுதுங்க. எழுதிட்டு சைபர் போடுங்க."

"அது முடியாதும்மா. அதுக்குப் பின்னாடி எவ்வளவோ இருக்கு. உங்களுக்குப் புரியாது."

வாசலில் நிழல் தட்டியது. கறுப்புக் கண்ணாடி போட்ட வயசானவர் ஒருவர், காகிதத்தில் சுற்றிய ஒரு வெள்ளைப் பூவோடு, நாற்காலிகளைத் தடவித் தடவி உள்ளே வந்தார். கண் ஆபரேஷன் ஆகிப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும் என்று அவளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. ஒரு மணிக்கு அதே மண்டபத்தில் இன்னொருவருக்கு அஞ்சலி இருந்தது. அதற்கு முன்கூட்டியே வந்துவிட்டவர். திரைக்கு எதிரே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல படமா வெச்சிருக்கீங்க" என்றார். "முப்பது வருஷமாச்சு பார்த்து. ஒரே மேஜையில வேலை பார்த்தோம். சதை போட்டு ஆளே மாறிட்டான். அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கு. கீழ ஏதோ எழுதியிருக்கே, எனக்கு எழுத்து தெரியல."

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாய் வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை.

"பெரியவரே, இது வந்து..." என்று முதலாளி ஓரடி முன்னால் வந்தார். பெரியவர் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"கூடப் பொறந்தவரா? ஜாடை அப்படியே அடிக்குதே."

முதலாளி அவளைப் பார்த்தார். அவள் சொட்டு மருந்து விட்டுவிட்டுக் காத்திருக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர்காரர் சுவரைப் பார்த்தார்.

"எப்படிங்க ஆச்சு?" என்றார் பெரியவர். "எனக்கு ஒண்ணுமே தெரியாது. வேலையில இருக்கும்போதா?"

வாசலில் போர்மேனும் பெட்டி தூக்கினவர்களில் மூன்று பேரும் மலர்வளையங்களை எடுத்துப் போக வந்து, அங்கேயே நின்றுவிட்டார்கள். பெரியவர் கையை விடவில்லை. துக்கக்காரருக்கு வாய் வரும்வரை காத்திருக்கிற பொறுமை அவருக்கு இருந்தது. அது தன் படம் என்று சொன்னால், ஏன் அங்கே நிற்கிறது என்றும் முதலாளி சொல்ல வேண்டியிருக்கும். தலைக்கு மேலே ஹெல்மெட்டோடு அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க. காதும் கொஞ்சம் மந்தம்."

"வேலையிலதாங்க. வேலையிலதான் செத்தார்."

வெற்று மண்டபத்தில் அது கணீரென்று கேட்டது. பெரியவர் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "அழுதுடுங்க. உள்ள வெச்சுக்காதீங்க" என்றார். அவள் எழுந்தாள். கம்ப்யூட்டர்காரர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி நாலாக மடித்துத் திருப்பி அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்கா."

"எப்பக் கேட்டாலும் சொல்வீங்களா?"

அவர் முதலாளியைப் பார்க்காமல், "சொல்வேன்கா" என்றார். அவள் லேப்டாப்பைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள். போர்மேன் ஒதுங்கி வழிவிட்டார்.

வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. கொழுந்தன் கை கொடுத்து ஏற்றிவிட்டான். பெட்டிக்குப் பக்கத்து நீள இருக்கையில் உட்கார்ந்து, பலகையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். அங்கிருந்து மண்டபத்தின் உட்பக்கம் நேராகத் தெரிந்தது.

"லேப்டாப்ப விட்டுட்டு வந்துட்டீங்களே அண்ணி. பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாதே."

"வேணும்னா கேட்டு வருவாங்க."

உள்ளே பெரியவர் காகிதத்தைப் பிரித்துப் பூவை முதலாளியின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். ரத்த சம்பந்தம் உள்ள கையால் வைப்பதுதான் முறை என்று சொல்லியிருப்பார். முதலாளி பூவையும் திரையையும் பார்த்தார். பிறகு குனிந்து, திரைக்கு நேர் கீழே, பெட்டி இருந்த இடத்தில் அதை வைத்தார். பெரியவர் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். வேறு வழி தெரியாமல் முதலாளியும் மூடிக்கொண்டார். ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, போகலாமா என்று கேட்டார். கொஞ்சம் இருங்க என்றாள்.